கம்ப்ரசர் ஓடினால் மட்டும் என் வெல்டிங் வண்டி சீராகப் போகிறது, ஏன்?

பேட்டை_வெல்டர்

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன், அரிசி ஆலைகளுக்கு நெல் தொட்டி, தண்ணீர் டேங்க், புகைக்குழாய் இதெல்லாம் செய்வது. நீள வெல்டிங்கைக் கையால் போட்டுப் போட்டு முதுகு போய்விட்டது என்று நானே ஒரு வண்டி செய்தேன். இரண்டு தட்டையான வார்ப்பிரும்புப் பாதை, அதன்மேல் சறுக்கிப் போகும் ஒரு பலகை, பலகையில் டார்ச். கியர் மோட்டார் ஒரு செயினை இழுக்கும், செயின் பலகையை இழுக்கும். டார்ச்சோடு சேர்த்து வண்டி 18 கிலோ. வெல்டிங் வேகம் நொடிக்கு 5 மி.மீ.

இந்த வேகத்தில் வண்டி சீராகப் போக மாட்டேன் என்கிறது. நிற்கும், திடீரென்று ஒரு குதி குதிக்கும், மறுபடி நிற்கும். வெல்ட் கோடு ஒரு இடத்தில் குமிழ் கட்டுகிறது, அடுத்த விரற்கடையில் மெலிந்து ஓட்டை விழுகிறது. வேகத்தைக் கூட்டினால் குதிப்பு நின்றுவிடுகிறது, ஆனால் அந்த வேகத்தில் வெல்டிங் பிடிக்காது.

இனிமேல்தான் விஷயமே. வண்டி உட்கார்ந்திருக்கும் அதே சேனல் சட்டத்தின் கடைசியில் ஒரு பழைய கம்ப்ரசரை போல்ட் போட்டு வைத்திருக்கிறேன், இடம் இல்லாததால். போன வியாழக்கிழமை தற்செயலாகக் கவனித்தேன்: கம்ப்ரசர் ஓடும்போது வண்டி வெண்ணெயில் போவது போலப் போகிறது. காற்று நிரம்பி கம்ப்ரசர் நின்ற அடுத்த நொடியே குதிக்க ஆரம்பிக்கிறது. பத்துத் தடவை போட்டு நிறுத்திப் பார்த்துவிட்டேன், பத்துத் தடவையும் அப்படித்தான். இது என்ன? இதைத் தெரிந்தே பயன்படுத்த முடியுமா?

தென்காசி_ஃபிட்டர்

தம்பி, முதலில் குதிப்பு ஏன் வருகிறது என்று பாரும். நிற்கிற பொருளை நகர்த்த வேண்டிய விசை பெரியது, நகர ஆரம்பித்தபின் அதை ஓட்ட வேண்டிய விசை சிறியது. உம் செயின் ஒரு ஸ்பிரிங் மாதிரி. மோட்டார் இழுக்கும், வண்டி நகராது, செயின் விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிடி விடும், உடனே உராய்வு குறையும், சேர்த்து வைத்த விசை முழுவதும் வண்டியைத் தூக்கி எறியும். அப்புறம் செயின் தளர்ந்துவிடும், வண்டி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. கதவுக் கீல் கிறீச்சிடுவதும் வயலின் வில் தந்தியைப் பேச வைப்பதும் இதே வேலைதான்.

நான் 30 வருடம் ஃபிட்டர். இதற்கு வழி: பாதைக்கென்றே வருகிற ஸ்லைடுவே எண்ணெய் போடும், செயினை எடுத்துவிட்டுத் தடிமனான ஸ்க்ரூ போடும், இல்லையென்றால் பால் பேரிங் வைத்த லீனியர் பாதை வாங்கும். அதிர்வை நம்பி மெஷின் செய்யாதீர். நாங்கள் ஆயுள் முழுக்க அதிர்வை ஒழிக்கத்தான் பாடுபட்டிருக்கிறோம்.

பேட்டை_வெல்டர்

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன மூன்றையும் யோசித்தவன்தான். 68 கிரேடு ஸ்லைடுவே எண்ணெய் இப்போது போட்டிருப்பதே, முன்னால் சாதா எண்ணெயில் இதைவிட மோசம். பால் பேரிங் பாதை ஒன்று வாங்கிப் போட்டேன், நான்கு மாதத்தில் வெல்டிங் பொறியும் கிரைண்டிங் தூளும் உள்ளே போய் அரைத்துத் தள்ளிவிட்டது. தட்டையான பாதை என்றால் ஒரு துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஸ்க்ரூ என்றால் 3 மீட்டர் நீளம், விலையும் அதிகம், நடுவில் தொங்கும்.

அம்பை_அரவை

இது எனக்குத் தினமும் நடப்பது. நெல் தொட்டி நிறைய இருக்கும், கீழே வாய் திறந்திருக்கும், ஒரு மணி விழாது. உள்ளே நெல் ஒன்றையொன்று தாங்கி வளைவு கட்டி நின்றுவிடும். தவிடு தொட்டி இன்னும் மோசம். மரச்சுத்தியலால் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் சரசரவென்று கொட்டும். இப்போது சுத்தியலுக்குப் பதில் சின்ன வைப்ரேட்டர் மோட்டார் வைத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். வாய் மூடியிருக்கும்போது வைப்ரேட்டரை ஓட விட்டால் தவிடு இறுகி, திறந்தபின் கடப்பாரை போட வேண்டியதாகிவிடும். எங்கள் ஆலையில் புதிதாக வந்த பையன் ஒரு ராத்திரி அப்படி விட்டுவிட்டுப் போய், மறுநாள் அரை நாள் அரவை நின்றது. கீழே ஓட்டம் இருக்கும்போது அதிர்வு நல்லது, ஓட்டம் இல்லாதபோது அதே அதிர்வு இறுக்கிவிடும்.

பணகுடி_காற்றாடி

காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பேட்டை நண்பர் தற்செயலாகக் கண்டுபிடித்ததை நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம். சில காற்றாடிகளில் இறக்கையின் கோணத்தைத் திருப்புவது ஹைட்ராலிக். எண்ணெயை அளந்து விடுவது ப்ரொபோர்ஷனல் வால்வு. அதற்குள் ஒரு சின்ன ஸ்பூல், அதாவது உறைக்குள் சறுக்கும் தண்டு; சுருளில் மின்சாரம் கூடக் கூட அது கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். ஆனால் ஸ்பூலும் உறையில் ஒட்டும். கட்டளை கொஞ்சம் கூடும், நகராது, இன்னும் கொஞ்சம் கூடும், நகராது, பிறகு ஒரே குதியாகத் தேவைக்கு மேல் போய்விடும். இதைத் தடுக்க அந்த மின்சாரத்தின் மேலேயே ஒரு சின்ன நடுக்கத்தை ஏற்றி அனுப்புவார்கள். பெயர் டித்தர். பெரும்பாலும் நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு அத்தனை நடுக்கம் இருக்கும். ஸ்பூல் எப்போதும் நின்ற இடத்திலேயே நுண்ணியதாக ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் ஒட்டிக்கொள்ள அதற்கு நேரமே கிடைக்காது. வால்வில் கை வைத்தால் தேனீக் கூட்டைத் தொட்டது போல மெல்லிய ரீங்காரம் தெரியும்.

ஒரு வருடம் ஆடிக் காற்று உச்சத்தில் இருக்கும்போது ஒரு காற்றாடி அடிக்கடி பிழை காட்டி நின்றது. வால்வை மாற்றினோம், எண்ணெயை மாற்றினோம், வடிகட்டியை மாற்றினோம். கடைசியில் பார்த்தால், பழுது பார்க்கப் போய்த் திரும்பி வந்த மின்சுற்று அட்டையில் டித்தர் பூஜ்யத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு திருகாணியைத் திருப்பினோம், அத்தோடு சரியானது. 11 நாள் காற்று வீணாகப் போனது, அதுவும் அந்தக் காற்று வீசுகிற மாதத்தில். இன்னும் வயிறு எரிகிறது.

ரதவீதி_படக்கடை

நம் தேரும் இப்படித்தானே? ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போதுதான் உயிர் போகிற பாடு. வடம் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், பின்னால் சக்கரத்துக்குத் தடி போட்டு ஒரு உலுக்கு உலுக்கினால்தான் நகரும். நகர்ந்துவிட்டால் பிறகு நிறுத்துவதுதான் கஷ்டம், முட்டுக்கட்டையோடு ஓடுவார்கள்.

பாளை_இயந்திரவியல்

நல்ல கேள்வி, நல்ல பதில்களும் வந்திருக்கின்றன. பாலிடெக்னிக்கில் 26 வருடம் இயந்திரவியல் சொல்லிக் கொடுத்தவள் நான், இந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேர். தம்பி சொன்னதில் பாதி சரி. தடி போடுவது நிலையாக நிற்பதை உடைக்கும் ஒரே ஒரு தள்ளு. சக்கரம் உருள்வது, சறுக்குவதில்லை. பேட்டை வண்டியில் நடப்பது வேறு: அதிர்வு ஒவ்வொரு நொடியும் தொடர்ந்து வேலை செய்கிறது.

பலர் "அதிர்ந்தால் உராய்வு குறையும்" என்கிறார்கள். பாதைக்கும் பலகைக்கும் இடையில் உள்ள உராய்வு எந்தக் கணத்தில் அளந்தாலும் பழைய அளவுதான். பிரெஞ்சு அறிஞர் கூலும் (Coulomb) 1785ல் எழுதியபடி, அது பளுவைப் பொறுத்தது, வேகத்தை ஏறத்தாழச் சட்டை செய்யாது. மாறுவது அதன் திசை. எந்தப் பக்கம் சறுக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், உராய்வுக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான்.

இப்போது கணக்கு. வண்டி நொடிக்கு 5 மி.மீ. முன்னால் போகிறது. அதோடு கூடவே முன்னும் பின்னுமாக அதிர்கிறது, அந்த அதிர்வின் உச்ச வேகம் நொடிக்கு 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஆடும்போது பாதைமேல் வேகம் 20 வரை போகும், பின்னால் ஆடும்போது பின்னோக்கி 10 வரை போகும். அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்ச நேரம் வண்டி உண்மையிலேயே பின்னால் சறுக்குகிறது. அந்த நேரத்தில் உராய்வு வண்டியை முன்னால் தள்ளுகிறது! நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் 100ல் 61 பங்கு முன்னால், 39 பங்கு பின்னால். 61 பங்கு எதிர்க்கிறது, 39 பங்கு உதவுகிறது. செயினுக்கு மிச்சம் தெரிவது 22 பங்கு. உராய்வு ஐந்தில் ஒரு பங்கான மாதிரி இருக்கும், ஆனால் ஒரு துளிகூடக் குறைந்திருக்காது.

அதிர்வு வேகம் வண்டி வேகத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு தெரியும். பத்து மடங்கு என்றால் 6 சதவீதம்தான் தெரியும். வண்டி வேகம் அதிர்வு வேகத்தைத் தாண்டிவிட்டால், பின்னால் சறுக்கும் நேரமே கிடையாது, ஒரு பயனும் இருக்காது. இதைப் பேட்டைத் தம்பி சோதித்துப் பார்க்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் சொல்வது. வண்டியின் குதிப்புக்குக் காரணம், நின்ற நிலையிலிருந்து கிளம்பி வேகம் பிடிக்கும்போது உராய்வு குறைவது. அதிர்வு வந்ததும் நிலைமை தலைகீழாகிறது: மெதுவாகப் போனால் எதிர்ப்பு குறைவு, வேகமாகப் போனால் எதிர்ப்பு அதிகம். எண்ணெயில் கரண்டியை இழுப்பது போல. வறண்ட உராய்வு பாகு போல நடந்துகொள்ள ஆரம்பித்துவிடுகிறது. அப்படிப்பட்ட எதிர்ப்பில் குதிப்புக்கு இடமே இல்லை. உங்கள் வண்டி சீரானதற்கு விசை குறைந்ததைவிட இதுதான் பெரிய காரணம்.

1959ல் ஃப்ரிட்மன், லெவெக் என்ற இருவர் ஒலியதிர்வு கொடுத்து நிலை உராய்வு எவ்வளவு விழுகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். 1966ல் போல்மன், லேஃபெல்ட் இருவரும் காதுக்கு எட்டாத மீயொலி அதிர்வை வெவ்வேறு திசைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே அளவு கண்ணுக்கே தெரியாது: 20,000 ஹெர்ட்ஸில் ஒரு மி.மீ.யில் இருநூறில் ஒரு பங்கு ஆடினாலே உச்ச வேகம் நொடிக்கு 63 செ.மீ. ஆகிவிடும்.

தென்காசி_ஃபிட்டர்

மேடம், கணக்கு புரிகிறது, 61-39 நன்றாக இருக்கிறது. ஆனால் சும்மா யாரும் எதையும் கொடுக்க மாட்டார்களே. செயின் இழுக்காத விசையை யார் இழுக்கிறார்கள்? பாதை தேயாதா?

பாளை_இயந்திரவியல்

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். இழுப்பது அதிர்வைக் கொடுக்கும் மோட்டார்தான். மொத்தமாக உராய்வில் போகும் சக்தி கூடத்தான் செய்கிறது. மேலே சொன்ன அளவில், பாதைமேல் பலகை முன்னும் பின்னும் உரசும் மொத்த தூரம் நொடிக்கு 10 மி.மீ. வருகிறது, அதிர்வு இல்லாமல் 5. ஆகவே தேய்மானம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று எதிர்பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு அது கொடுக்கத் தகுந்த விலை என்பது என் கருத்து, ஆனால் விலை உண்டு. துடைப்பதையும் எண்ணெய் விடுவதையும் விடக்கூடாது.

அம்பை_அரவை

மேடம், திசை மாறுவதுதான் விஷயம் என்றதும் எனக்கு எங்கள் தட்டுப் பிரிப்பான் ஞாபகம் வந்தது. உமி நீக்கியபின் அரிசியும் உரிபடாத நெல்லும் கலந்து வரும். குழி குழியான சாய்ந்த தட்டு முன்னும் பின்னும் ஆடும். அரிசி வழவழப்பு, கனம். நெல் சொரசொரப்பு, லேசு. ஒரே தட்டு, ஒரே ஆட்டம், அரிசி மேட்டுப் பக்கம் ஏறிப் போகும், நெல் பள்ளத்துப் பக்கம் இறங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் அரிசி மேட்டில் ஏறுவதைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள். என் அம்மா சுளகில் கொழிக்கும்போது கல்லும் அரிசியும் பிரிவதும் இதற்குச் சொந்தம்தானே?

பாளை_இயந்திரவியல்

சொந்தமேதான் அண்ணாச்சி. சுளகில் மணிகள் மேலே எழும்பவும் செய்யும், காற்றும் சேர்ந்துகொள்ளும், ஆனால் குடும்பம் ஒன்று.

பக்கவாட்டு அதிர்வையும் சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் வளையல் போடுகிறவர் இறுக்கமான வளையலை நேராகத் தள்ள மாட்டார். திருகித் திருகி ஏற்றுவார். திருகும்போது உராய்வு முழுவதும் அந்தத் திருகலை எதிர்ப்பதில் போய்விடுகிறது, முன்னே தள்ளுவதை எதிர்க்க அதனிடம் அதிகம் மிச்சம் இல்லை. ஒரு திசையில் வேகமாகச் சறுக்கும் பொருள், குறுக்குத் திசையில் சின்ன விசைக்கும் வழிவிடும். குழாயில் இறுகிய ஹோஸைத் திருகி இழுப்பதும், விரலில் மாட்டிய மோதிரத்தைச் சுழற்றிக் கழற்றுவதும் இதனால்தான்.

பணகுடி_காற்றாடி

மேடம் சொன்ன வளையல் கணக்கில்தான் எங்கள் போல்ட்டுகள் கழல்கின்றன! போல்ட்டின் நீளவாக்கில் எவ்வளவு இழுத்து விட்டாலும் சுலபத்தில் கழலாது. இணைத்த இரண்டு தகடும் குறுக்காக ஒன்றின்மேல் ஒன்று சறுக்க ஆரம்பித்தால் போதும், மரைக்குள் உராய்வு முழுக்க அந்தக் குறுக்குச் சறுக்கலில் செலவாகிறது, மரையின் சரிவு தானாகவே நட்டைப் பின்னால் சுழற்றிவிடும். ஜெர்மனியில் கெர்ஹார்ட் யுங்கர் 1969ல் இதைக் காட்டினார். அவர் அமைத்த சோதனை முறையை வைத்துத்தான் இன்றும் வாஷர்களைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் நாம் எல்லோரும் நம்பிப் போடுகிற சாதா ஸ்பிரிங் வாஷர் தாக்குப் பிடிப்பதில்லை. எனக்கு இது தெரிந்தபோது வருத்தமாகவே இருந்தது, எத்தனை ஆயிரம் போட்டிருக்கிறேன்.

பேட்டை நண்பரே, ஆகவே நீர் வைப்ரேட்டர் வைத்தால் வண்டியை விடுவிக்கிற அதே அதிர்வு உம் போல்ட்டையும் விடுவிக்கும். மரையில் பசை போடும், இல்லாவிட்டால் ஆப்பு வாஷர் ஜோடி போடும். முக்கியமாக, தகடு சறுக்காத அளவுக்கு இறுக்கும்.

ரதவீதி_படக்கடை

தேர் விஷயத்தைத் திருத்தியதற்கு நன்றி மேடம். என் தொழிலிலும் ஒன்று இருக்கிறது. லென்ஸில் அல்ட்ராசானிக் மோட்டார் என்று எழுதியிருக்கும், கேனன் 1987ல் 300 மி.மீ. லென்ஸில் கொண்டு வந்தது. உள்ளே வளையத்தில் நுண்ணிய அலை ஓடுகிறது, அந்த அலையின் முகடுகள் மேல் வளையத்தை உராய்வாலேயே தள்ளிக்கொண்டு போகின்றன. மின்சாரம் நின்றால் அதே உராய்வு பிரேக் பிடித்தது போலப் பிடித்துக்கொள்ளும். அதிர்வை வைத்து உராய்வைக் குறைக்கவும் முடிகிறது, அதே அதிர்வை வைத்து உராய்வையே வேலை செய்ய வைக்கவும் முடிகிறது என்பது இப்போதுதான் எனக்குள் சேர்கிறது. ஒன்பது வருடமாக அந்த லென்ஸைக் கையில் வைத்திருக்கிறேன்.

தென்காசி_ஃபிட்டர்

சரி, நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பிரஷர் கேஜைப் படிக்கும் முன் விரலால் ஒரு தட்டு தட்டுவேன், முள் கொஞ்சம் நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும். என் மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது, ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பாளை_இயந்திரவியல்

விமானத்திலும் அதே தட்டல்தான் அண்ணாச்சி. பிஸ்டன் இன்ஜின் விமானம் தானே நடுங்கும், உயரமானியின் முள் ஒட்டாது. ஜெட் அமைதியாகப் பறக்கும், அதனால் சில உயரமானிகளுக்குள் முள் ஒட்டாமல் இருக்க ஒரு சின்ன வைப்ரேட்டரையே வைத்தார்கள். இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர்கள் இன்றும் விரலால் தட்டுகிறார்கள்.

பேட்டை_வெல்டர்

படிக்கப் படிக்க ராத்திரி தூக்கம் வரவில்லை. மேடம், கம்ப்ரசரை நம்பி இருக்க முடியாது, காற்று நிரம்பினால் நின்றுவிடும். வண்டிமேலேயே சின்ன வைப்ரேட்டர் மோட்டார் வைக்கலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரியது வாங்க வேண்டும்?

பாளை_இயந்திரவியல்

இரண்டு காந்த முனை (2 போல்) இருக்கிற மோட்டார் வாங்குங்கள், நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்குக் கிட்டத்தட்ட வரும், அதாவது 48 ஹெர்ட்ஸ். உச்ச வேகம் 15 மி.மீ. வேண்டும் என்றால் ஆட்டம் நடுவிலிருந்து இரு பக்கமும் 0.05 மி.மீ. போதும், ஒரு தாளின் அரைத் தடிமன். டார்ச் முனை அவ்வளவு ஆடினால் வெல்டிங்குக்குத் தெரியவே தெரியாது. 18 கிலோவை அப்படி ஆட்ட ஏறத்தாழ 80 நியூட்டன் வேண்டும், உராய்வு கொஞ்சம் தின்னும், ஆகவே 10 கிலோ விசை, அதாவது 100 நியூட்டன் என்று போட்டிருப்பதை எடுங்கள். அதற்குக் கீழே 35 நியூட்டன் அளவில் வாங்கினால் உராய்வையே வெல்லாது, வண்டி பாதையோடு ஒட்டிக்கொண்டு சும்மா முனகும்.

மோட்டாரின் அச்சு பாதைக்குக் குறுக்காக இருக்கட்டும். அப்போது ஆட்டம் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் வட்டமாக வரும். மேல்கீழ் முடுக்கம் புவியீர்ப்பில் ஏறத்தாழப் பாதிதான், ஆகவே பலகை பாதையை விட்டு எழும்பாது. ஈர்ப்பைத் தாண்டும்படி பெரிய மோட்டார் வைத்தால் வண்டி துள்ளும், அப்புறம் வெல்டிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒன்று மறக்காதீர்கள்: அதிர்வு என்பது பலகைக்கும் பாதைக்கும் *இடையில்* இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்து ஆட்டினால், ஓடும் பஸ்ஸில் இருக்கையும் அதில் உட்கார்ந்தவரும் சேர்ந்து குலுங்குவது போல ஆகிவிடும். ஒன்றின்மேல் ஒன்று சறுக்காது.

பணகுடி_காற்றாடி

இன்னொன்று. வண்டி நிற்கும்போது வைப்ரேட்டரும் நிற்கிற மாதிரி ஒரே சுவிட்சில் இணையும். நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும் பேரிங்கில் உருளைகள் ஒரே இடத்தை அரைத்துப் பள்ளம் போட்டுவிடும், எண்ணெய் அங்கே திரும்பி வர நேரமில்லை. ஒரு காலத்தில் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பும்போது, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத காரின் சக்கர பேரிங்கில் வரி வரியாகத் தடம் விழுந்திருக்கும். காற்றடிக்காத மாதங்களில் நிற்கும் காற்றாடியை நாங்கள் அவ்வப்போது திருப்பி விடுவது இதற்குத்தான். அம்பை அண்ணாச்சி தவிட்டுக்குச் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது.

அம்பை_அரவை

ஆட்டத்தை அளக்க: சல்லடையில் நாங்கள் நீளமான ஒரு வி வடிவக் கோடு வரைந்த ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஆடும்போது இரண்டு கோடும் இரட்டையாகத் தெரியும், எங்கே ஒன்றையொன்று வெட்டுகிறதோ அந்த இடத்து அகலம்தான் ஆட்டம். ஆனால் உங்களுக்குச் சொல்லும் அளவு மிகச் சிறியது, இதில் படிப்பது கஷ்டம்.

ரதவீதி_படக்கடை

போனில் முடுக்கம் காட்டும் ஆப் இருக்கிறது, போனை வண்டியில் கட்டினால் போதும். ஆனால் தயவுசெய்து பழைய போனாகப் பாருங்கள். கேமராவுக்குள் நடுக்கம் தடுக்கும் லென்ஸ் இருக்கிற போன்களைப் பெரிய பைக்கில் மாட்டினால் அந்த அதிர்வில் கேமரா கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. என் கடைக்கு அப்படி இரண்டு போன் வந்திருக்கிறது.

பேட்டை_வெல்டர்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடுவில் ஒரு கல்யாணம், அப்புறம் மோட்டார் கிடைக்க ஒரு வாரம்.

மேடம் சொன்னபடி குறுக்கு அச்சில் வைத்து, தங்கச்சி மகனின் பழைய போனைக் கட்டி அளந்தேன். பிறகு செயினைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி, இன்னொரு கியர் மோட்டாரால் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தேன். வைப்ரேட்டர் இல்லாமல் வண்டி கிளம்ப 3.8 கிலோ, போய்க்கொண்டிருக்கும்போது 3 கிலோ, அதுவும் முள் ஆடிக்கொண்டே. வைப்ரேட்டர் போட்டு நொடிக்கு 5 மி.மீ.யில் 0.9 கிலோ. முள் அசையவே இல்லை. அந்த முள் அசையாமல் நின்றதைப் பார்த்தபோது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏழு மாதம் இந்த வண்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வேகத்தைக் கூட்டியும் பார்த்தேன். 10 மி.மீ.யில் 1.5 கிலோ. 25 மி.மீ.யில் வைப்ரேட்டர் போட்டாலும் அணைத்தாலும் அதே 3 கிலோ. மேடம் முன்கூட்டியே சொன்னது அப்படியே வந்தது.

வெல்ட் கோட்டை வெட்டிப் பார்த்தேன், முழு நீளமும் ஒரே கனம்.

பாளை_இயந்திரவியல்

கணக்குப்படி 0.65 வர வேண்டும், 0.9 வந்திருக்கிறது. ஆட்டம் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், உராய்வும் அதைக் கட்டுப்படுத்தும். 10 மி.மீ.யில் கணக்கு 1.4, உங்களுக்கு 1.5. பட்டறையில் ஸ்பிரிங் தராசை வைத்து இவ்வளவு நெருங்குவதை நான் பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்திலேயே அதிகம் பார்த்ததில்லை. அந்தக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் தம்பி, தேதியோடு.

தென்காசி_ஃபிட்டர்

அடுத்த வாரம் திருநெல்வேலி வருகிறேன், பட்டறைக்கு வந்து பார்க்கலாமா? எனக்கும் இப்படி ஒட்டுகிற ஒரு பழைய ஷேப்பிங் மெஷின் மேசை இருக்கிறது.

பேட்டை_வெல்டர்

தாராளமாக வாருங்கள் அண்ணாச்சி, சாப்பாடு நம் வீட்டில்தான். நாளைக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு முதல் தொட்டி போகிறது. போல்ட்டுக்கெல்லாம் மரைப் பசை போட்டிருக்கிறேன், சுவிட்சையும் சேர்த்துவிட்டேன். இரண்டு மாதம் ஓட்டிவிட்டு பாதை எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து இங்கேயே போடுகிறேன்.

பணகுடி_காற்றாடி

ஒவ்வொரு நட்டிலும் தகட்டிலும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையும். கழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும், ஸ்பேனரே எடுக்க வேண்டாம்.